'டிப்ராவிட்டி'யும் கோட்டமும்

ஒழுக்கத்தின் முழுச்சிதைவைக் குறிக்கும் 'டிப்ராவிட்டி' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு 'ஒழுக்கக்கேடு' என்று பொருள் எழுதுவது வழக்கமாகிவிட்டது. சிலர் 'ஊழல்' என்றும் எழுதுவர். இவை பொருந்துமா என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

இச்சொல்லின் வேர் 'பிராவுஸ்' என்னும் இலத்தீன் சொல். அது வளைந்தது, கோணியது எனப் பொருள்படும். நேரியதாக இருந்ததைக் கோணச் செய்தலே இதன் அடிக்கருத்து. 'கரப்ஷன்' என்பதன் வேரோ உடைத்தல் என்னும் வினை. அழுகல் என்ற பொருளும் அதற்கு உண்டு. ஊழ்த்தல் என்பது முதிர்ந்து பதனழிதலையும் குறித்தலின், அதனடிப் பிறந்த 'ஊழல்' இரண்டாவதற்கே ஒத்தது. வளைவும் அழுகலும் ஒன்றல்ல.

வளைவினின்று தீமைப்பொருளுக்குச் செல்லுதல் தமிழுக்கும் இயல்பே. வளைந்த வில்லைக் 'கொடுமரம்' என்றனர் முன்னோர். அக் 'கொடு' என்னும் அடியே கொடுமை, கொடுங்கோல் என விரிந்தது. அதன் மறுதலை நேர்மை சுட்டும் செம்மையும் செங்கோலும் ஆகும்.

சொற்பொருள் ஆராய்ச்சி வாழ்வோடு ஒட்டாதது என்பார்க்குத் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியைக் காட்டலாம். 1992 சூன் 20 அன்று, கடத்திய சந்தனக்கட்டைகளைத் தேடுவதாகச் சொல்லி அரசு ஊழியர்கள் அம்மலைமக்கள் ஊரினுள் புகுந்தனர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரும் வனம், காவல், வருவாய்த் துறையினர். வழக்கு முடியுமுன் 54 பேர் இறந்தனர். எஞ்சிய 215 பேரையும் தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று குற்றவாளிகள் என்றது. சென்னை உயர்நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று அதனை உறுதிசெய்தது.

இதனை எச்சொல்லால் குறிப்பது? 'ஊழல்' இன்று பெரிதும் பொருள் கவர்தலையே சுட்டுகிறது. 'ஒழுக்கக்கேடு' தனியொருவர் நடத்தையளவில் சுருங்கிவிட்டது. காக்க வேண்டிய கோலே வளைந்து அடித்ததை இவ்விரண்டும் உணர்த்தமாட்டா. 'கொடுமை' உணர்த்தும், ஆயினும் அது செயலைச் சொல்லுமேயன்றி, செய்தார் நெஞ்சின் நிலையைச் சொல்லாது.

அந்நிலைக்கு வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் ஒரு சொல் வைத்துள்ளார்: உட்கோட்டம், அஃதாவது மனத்தின் வளைவு. 'டிப்ராவிட்டி'க்கு இதனினும் நெருங்கிய சொல் வேண்டுவதில்லை. ஆனால் உட்கோட்டம் என்றால் இன்று அரூர் உட்கோட்டம் போன்ற காவல்துறைப் பிரிவே நினைவுக்கு வரும். நெஞ்சின் வளைவைச் சுட்டிய சொல் ஆட்சியின் எல்லைப்பெயராகிவிட்டமையின், 'உளக்கோட்டம்' என ஆளுதல் மயக்கம் நீக்கும்.

பெயர் பிழைபட்டால் பொறுப்பும் இடம் மாறிவிடும். அழுகல் எனின் காலத்தின் மேலும் சூழலின் மேலும் பழிபோடலாம். கோட்டம் எனின் வளைத்தவர் யார் என்னும் வினா தப்பாது எழும். வாச்சாத்தித் தீர்ப்பு அவ்வினாவுக்குத் துறைகளைச் சுட்டி அமையாது, ஆட்களையே சுட்டி விடை கூறிற்று. சொல்லைத் தேர்வோரும் அதனை மறத்தல் ஆகாது.