பேணுதல் என்னும் கலை

கலைப்பொருள்களைத் தேர்ந்து, தொகுத்து, மக்கள் பார்வைக்கு முறைப்பட வைப்பவரைக் ‘கியூரேட்டர்’ என்பர். இச்சொல்லின் வேர் ‘கூரா’ என்னும் இலத்தீன் சொல்லாகும். பேணுதல், அக்கறை கொள்ளுதல் என்பன அதன் பொருள். பிரெஞ்சு மொழியில் பங்குத்தந்தையைக் குறிக்கும் ‘குரே’ என்னும் சொல்லும் அதே வேரில் பிறந்ததே. ஆர்ஸ் சிற்றூரின் பங்குப் பணியாளராய் விளங்கிய புனித ஜான் மரிய வியான்னியை உலகம் இன்றும் ‘ஆர்ஸ் குரே’ என்றே அழைக்கிறது. ஒருவர் ஆன்மாக்களைப் பேணுகிறார். மற்றவர் பொருள்களைப் பேணுகிறார். பொருள்களைப் பேணுகிறவருக்கு அவற்றைச் செய்த மனிதரையும் பேணும் கடமை உண்டா? நம் நாட்டில் இக்கேள்வியைத் தம் பணியாலேயே எழுப்பியவர் ஓவியர் ஜெகதீஷ் சுவாமிநாதன். அவரது சிந்தனை எவ்வளவு தொலைவு சென்றது, எங்கே நின்றது என்று பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

சுவாமிநாதன் 1928இல் சிம்லாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் பொதுவுடைமை இயக்கத்திலும் இதழியலிலும் ஈடுபட்டு, பின்னர் முழுநேர ஓவியரானார். ‘குரூப் 1890’ என்னும் ஓவியர் குழு 1962இல் தோன்றக் காரணமாயிருந்தவர்களுள் அவரும் ஒருவர். 1963இல் தில்லியில் நடைபெற்ற அக்குழுவின் ஒரே கண்காட்சிக்கு, அந்நாளில் மெக்சிகோ நாட்டுத் தூதராயிருந்த கவிஞர் ஒக்டாவியோ பாஸ் அறிமுகவுரை எழுதினார். கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா வடிவமைத்த போபால் பாரத் பவன் 1982 பிப்ரவரி 13 அன்று திறக்கப்பட்டபோது, அதன் ‘ரூபாங்கர்’ கலைக்கூடத்தை உருவாக்கும் பொறுப்பு சுவாமிநாதனிடம் இருந்தது. 1990 வரை அவர் அதனை நடத்தினார், 1994இல் மறைந்தார்.

அவர் செய்தது என்ன? கலை பயிலும் இளைஞர்களைக் குழுக்களாக மத்தியப்பிரதேசத்தின் சிற்றூர்களுக்கு அனுப்பினார். வீட்டுச் சுவரிலும், களிமண்ணிலும், மரத்திலும், உலோகத்திலும் பெயர் தெரியாத கைகள் செய்துவந்தவற்றைப் பார்த்து வரவும் சேகரித்து வரவும் பணித்தார். வந்து சேர்ந்தவற்றைக் கைவினைப் பொருள்கள் என்று தனியே ஒதுக்கவில்லை. நகர்ப்புற நவீன ஓவியங்கள் இருந்த அதே கலைக்கூடத்தில், அவற்றுக்கு நிகரான இடத்தில் வைத்தார். இதற்கான நியாயத்தை 1987இல் வெளிவந்த ‘தி பெர்சீவிங் ஃபிங்கர்ஸ்’ என்னும் நூலில் விரித்துரைத்தார். ஆதிவாசி நம் கடந்தகாலம் அன்று. நம்மோடு இதே காலத்தில் வாழ்பவர். ஒரே நேரத்தில் அருகருகே வாழும் பண்பாடுகள் அனைத்தும் ஒரே நேரத்தில் செல்லுபடியாகும். சமகாலம் என்பதன் உண்மைப் பொருள் அதுவே என்பது அவரது வாதத்தின் சாரம்.

இவ்வாதத்தின் வலிமையை உணர, அருங்காட்சியகங்களில் நாம் காணும் பெயர்ப்பலகைகளை நினைத்துப் பார்த்தால் போதும். நகரத்து ஓவியருக்கு அங்கே ஒரு பெயர் உண்டு, ஆண்டும் உண்டு. பழங்குடியினரின் படைப்புக்கோ இனத்தின் பெயரும் மாவட்டத்தின் பெயரும் மட்டுமே. முன்னதைச் செய்தவர் தனிமனிதர், பின்னதைச் செய்தது ஏதோ ஒரு கூட்டம் என்பதுபோல. இப்பாகுபாட்டில் அறியாமை மட்டுமல்ல, அநீதியும் உண்டு. நல்லாயன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறான் என்று நற்செய்தி காட்டும் உருவகத்தின் ஆழம் நமக்குத் தெரியும். பெயர் சொல்லி அழைப்பது, ஒருவரை எண்ணிக்கையிலிருந்து மீட்டு மனிதராக ஏற்பதாகும்.

அக்குழுக்களுள் ஒன்று பாடன்கர் என்னும் கோண்டு சிற்றூருக்குச் சென்றது. அவ்வூருக்கு ஏற்கெனவே ஒரு வரலாறு உண்டு. ஆங்கிலிகன் குருவாக 1927இல் இந்தியா வந்து, பின்னர்த் திருப்பணியைத் துறந்து பழங்குடியினரிடையே வாழ்ந்த வெரியர் எல்வின் அங்கே தங்கியிருந்தார். நடு இந்தியப் பழங்குடிக் கலையைப் பற்றி 1951இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் மதிக்கப்படுகிறது. அக்கலை நலிந்து வருகிறதே என்னும் கவலை அந்நூலில் இழையோடுகிறது. எல்வின் நலிவைக் கண்டு வருந்திய நிலப்பகுதியில், சுவாமிநாதனின் மாணவர்கள் ஒரு தொடக்கத்தைக் கண்டனர். ஒரு வீட்டுச் சுவரில் இருந்த ஓவியம் அவர்களைத் தடுத்து நிறுத்தியது. வரைந்தவர் ஜங்கர் சிங் ஷியாம் என்னும் ஏழை இளைஞர். ‘ஜனகணனா’ எனப்படும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாள்களில் பிறந்ததால் அப்பெயர் வந்தது என்பர். எண்ணிக்கையில் பிறந்த பெயர் அது. சுவாமிநாதன் அவரைப் போபாலுக்கு அழைத்துவந்து தாளும், மையும், வண்ணமும், பதிப்போவியக் கூடத்தில் வேலையும் தந்தார்.

உண்மைத்தன்மை பற்றிய வழக்கு இங்கேதான் தொடங்குகிறது. மண் சுவரில் வரைந்தவரிடம் தாளைக் கொடுத்தது கலையைக் கெடுத்ததாகாதா என்று கேட்போர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். இக்கேள்வி நேர்மையானதுதான். ஆயினும் அது ஒரு தவறான கற்பனையின்மேல் நிற்கிறது. ஜங்கர் பிறந்த பர்தான் குலத்தினர் வழிவழியாக ஓவியர்கள் அல்லர், பாணர்கள். ‘பானா’ என்னும் நரம்புக்கருவியை இசைத்து, சாஜா மரத்தில் உறையும் படாதேவை எழுப்பி, கோண்டு புரவலர்களின் குலவரலாற்றைப் பாடிப் பரிசில் பெற்றவர்கள். சங்க இலக்கியம் படித்த நமக்கு இவ்வாழ்க்கை அந்நியமன்று. அப்பாடல்களில் வாழ்ந்த தெய்வங்கள் பலவற்றுக்கு வரைந்த உருவம் அதற்கு முன் இல்லை. செவி வழி வந்ததை ஜங்கர் கண்ணுக்குக் கொண்டுவந்தார். நெருங்கிய புள்ளிகளாலும் சிறு கோடுகளாலும் மானையும், மரத்தையும், தெய்வத்தையும் நிரப்பினார். ஆகவே ‘தொன்மையான கோண்டு ஓவியம்’ என்று சந்தை இன்று விற்கும் பாணி பெரிதும் அவர் கையிலிருந்து பிறந்தது. அறிந்தோர் அதனை ‘ஜங்கர் கலம்’ என்று அழைப்பதே உண்மைக்கு நெருக்கமானது.

தாளில் வந்ததால் அது பொய்யாகிவிடவில்லை. பழமை என்னும் முத்திரையை அதன்மேல் குத்தும்போதுதான் பொய் நுழைகிறது. உண்மைத்தன்மை பொருளின் வயதில் இல்லை. செய்தவர் எதனைப் பெற்றார், அதற்கு எவ்வாறு உருக்கொடுத்தார், அதனை நாம் எவ்வாறு அறிமுகப்படுத்துகிறோம் என்பதில் உள்ளது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1999இல் கலைஞர்களுக்கு எழுதிய மடலில் படைப்பவரையும் உருவாக்குபவரையும் வேறுபடுத்திக் காட்டுகிறார். இல்லாமையிலிருந்து இருப்பைத் தருபவர் இறைவன் ஒருவரே. ஏற்கெனவே இருப்பதற்கு உருவும் பொருளும் தருபவர் மனிதர். இவ்வேறுபாட்டை ஏற்றுக்கொண்டால் மரபா, புதுமையா என்னும் பழைய சண்டை தணிகிறது. பெறாமல் எவரும் படைப்பதில்லை. பெற்றதை அப்படியே திருப்பித் தருவதும் படைப்பாகாது.

இதுவரை சுவாமிநாதனின் பக்கமே நியாயம் இருப்பதாகத் தோன்றும். ஆனால் விமரிசனம் இங்கே நின்றுவிடலாகாது. எது கலை என்று தேர்ந்தெடுத்த கண் நகரத்து ஓவியரின் கண்ணே. பாடன்கரின் முதியோர் தம் பாடல்களில் எதனை வரையலாம், எதனை வரையலாகாது என்று கருதினர் என்பதைக் கலைக்கூடத்தின் சுவர்கள் நமக்குச் சொல்வதில்லை. ஊரையும் உறவையும் விட்டு வெளியே வந்த கலைஞரை, அழைத்துவந்தவரின் அன்பு மட்டுமே எத்தனை நாள் காக்கும் என்ற கேள்வியும் உண்டு.

ஜங்கருக்குப் புகழ் விரைந்து வந்தது. 1989இல் பாரிசில் ‘மஜீசியன் த லா தேர்’ என்னும் பெருங்கண்காட்சியில் அவரது ஓவியங்கள் இடம்பெற்றன. போபாலில் கொரியா கட்டிய புதிய சட்டப்பேரவைக் கட்டடத்தின் சுவர்களில் அவர் வரைந்தார். சுவாமிநாதன் மறைந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 2001 ஜூலையில், ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்தில் தங்கி வரைந்துவந்த நாள்களில், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயது நாற்பதை ஒட்டியிருந்தது. அம்மரணத்தின் காரணங்களை வெளியிலிருந்து தீர்ப்பிட நமக்கு உரிமையில்லை. ஆனால் அயல்நாடு செல்லும் நாட்டுப்புறக் கலைஞர்களின் ஊதியம், ஒப்பந்தம், தனிமை ஆகியவை பற்றி இந்தியக் கலையுலகம் அன்று எழுப்பிய கேள்விகள் இன்றும் உயிரோடுள்ளன. ஓவியத்தை ஈரம் படாமலும் வெயில் படாமலும் பேணுவதற்கு விதிகள் வகுத்திருக்கிறோம். ஓவியரைப் பேணுவதற்கு எத்தனை விதிகள் உண்டு?

ஜங்கர் விட்டுச்சென்றது புகழை மட்டுமன்று. தம் வீட்டை அவர் உறவினருக்குத் திறந்துவைத்தார். ஒரு தலைமுறையே அங்கே தூரிகை பிடிக்கக் கற்றது. அவருடைய மருமகன் முறையினரான பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகிய மூவர் வரைந்த மரங்களின் ஓவியங்களைச் சென்னை தாரா பதிப்பகம் 2006இல் ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ என்னும் நூலாக்கியது. கையால் செய்த கறுப்புத் தாளில் கையாலேயே திரையச்சு முறையில் பதித்த அந்நூலில் மூவரின் பெயர்களும் உள்ளன. ‘கோண்டு பழங்குடி, மத்தியப்பிரதேசம்’ என்று மட்டும் எழுதி முடிக்கவில்லை. ரூபாங்கரில் தொடங்கிய பணியின் நல்ல தொடர்ச்சி இது என்று தயங்காமல் கூறலாம்.

கண்காட்சி அமைத்தல் எங்கோ போபாலிலும் பாரிசிலும் நடக்கும் வேலையன்று. நம் ஆலயங்களும் ஒருவகையில் காட்சிக்கூடங்களே. பீடத்தின்மேல் சுரூபம், திருவிழாவில் தேர், சுவரெங்கும் சிலுவைப்பாதை நிலைகள் என எத்தனையோ கைகளின் உழைப்பை அங்கே வைத்திருக்கிறோம். அவற்றின் கீழே பதித்த கல்லைக் குனிந்து படித்தால் நன்கொடையாளரின் பெயர் இருக்கும். மந்திரித்தவரின் பெயரும் நாளும் இருக்கும். மரத்தைச் செதுக்கிய ஆசாரியின் பெயரையும், முகத்துக்கு வண்ணம் தீட்டியவரின் பெயரையும் காண்பது அரிது. அடுத்த திருவிழாவுக்குச் சுரூபத்துக்குப் புது வண்ணம் பூசும்போது, தீட்டியவரின் பெயரைக் கேட்டு, அதே கல்லில் ஒரு வரி சேர்த்துவிட்டால் என்ன?

பேணுதல் அங்கிருந்து தொடங்கலாம்.