மிஸ் நெல்சன் கதை: சிரிப்பும் மிரட்டலும்

ஹாரி அல்லார்ட் எழுத, ஜேம்ஸ் மார்ஷல் படம் வரைந்த ‘மிஸ் நெல்சன் இஸ் மிஸ்ஸிங்’ என்ற அமெரிக்கப் படக்கதை நூல் 1977இல் வெளிவந்தது. கதைக்களம், தொடக்கப் பள்ளி ஒன்றின் 207ஆம் எண் வகுப்பறை. பள்ளியிலேயே அடங்காத பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். எச்சில் காகித உருண்டைகள் கூரையில் ஒட்டுகின்றன. காகித விமானங்கள் பறக்கின்றன. கதை நேரத்தில்கூட அமைதி கிடையாது. அதட்டிப் பேசத் தெரியாத மிஸ் நெல்சன் மறுநாள் வருவதில்லை. அவருக்குப் பதிலாக வயோலா ஸ்வாம்ப் என்ற கறுப்பு உடைக்காரி வந்து, வீட்டுப்பாடத்தைக் குவித்து, கதை நேரத்தையும் ரத்து செய்கிறார்.

நூலின் பெரும்பலம், வாசிக்கும் குழந்தைக்கு அது தரும் மேல்நிலை. நெல்சனும் ஸ்வாம்பும் ஒருவரே என்று எழுத்து எங்கும் சொல்வதில்லை. கடைசியில் நெல்சன் வீட்டு அலமாரியில் கறுப்பு உடை தொங்குகிறது, அவ்வளவுதான். கண்டுபிடிக்கும் பெருமை குழந்தைக்கே போகிறது. துப்பறியும் அதிகாரி மெக்ஸ்மாக்கோ ஒன்றும் புரியாமல் அடுத்ததாக ஸ்வாம்பைத் தேடக் கிளம்புகிறார். பெரியவர் கோட்டைவிட்டதைச் சின்னவர் பிடிப்பதைவிடக் குழந்தைக்கு வேறென்ன வேடிக்கை வேண்டும்? காணாமல் போன ஆசிரியையைப் பற்றிப் பிள்ளைகள் கட்டும் ஊகங்களும் அந்த வயதின் கற்பனைக்கே உரியவை: சுறா விழுங்கியிருக்கலாம், செவ்வாய்க்குப் போயிருக்கலாம், கோபம் கொண்ட பட்டாம்பூச்சிக் கூட்டம் காரையே தூக்கிப் போயிருக்கலாம்.

கதை நேரத்தை அளவுகோலாக வைத்ததும் நல்ல உத்தி. முதலில் அவமதிக்கப்பட்டு, பிறகு பறிக்கப்பட்டு, நெல்சன் திரும்பியதும் ஆவலோடு கேட்கப்படுவது அதுவே. வகுப்பின் மாற்றத்தை விளக்க ஆசிரியருக்கு வேறு சொற்கள் தேவைப்படவில்லை.

குறைகள் இருக்கின்றன. பிள்ளைகள் திருந்துவது அச்சத்தால். செய்தது தவறென்று உணர்ந்ததற்கு அடையாளம் எதுவும் கதையில் இல்லை. ஏன் அடங்க மறுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அன்பான ஆசிரியைக்கு இனிய முகம், கண்டிப்பான ஆசிரியைக்கு அவலட்சணம் என்ற பிரிவும் பழைய சூனியக்காரிக் கதைகளின் மிச்சம். இருவரும் ஒருவரே என்ற திருப்பம் அந்தப் பிரிவை ஓரளவு உடைக்கிறது என்பது உண்மை. ஆனால் அழகின்மையைக் கொடுமையின் அடையாளமாக்கி எழும் சிரிப்பு அதற்கு முன்பே எழுந்துவிடுகிறது. ஏமாற்றும் உத்திக்குக் கதையில் கண்டனமே இல்லை; நெல்சன் புன்னகையோடு ரகசியத்தைக் காக்கிறார்.

இக்குறைகள் பெரிதாவது நூலை ஒழுக்கப் பாடமாக்கும்போதுதான். நல்ல பிள்ளைகளாக இராவிட்டால் ஸ்வாம்ப் வருவார் என்று வகுப்பில் சொல்லும் ஆசிரியர், கேலியை எச்சரிக்கையாக மாற்றிவிடுகிறார். மார்ஷலின் தூரிகையோ வேறு பக்கம் நிற்கிறது: குறும்புக் காட்சிகளை அவர் வரைந்திருப்பதில் கண்டிப்பைவிடக் கொண்டாட்டமே அதிகம். எழுத்து பிள்ளைகளை அடக்குகிறது, படம் அவர்களோடு சேர்ந்து ஆடுகிறது. நூல் சலிக்காததற்கு இந்த இழுபறியே முக்கியக் காரணம். 1982இலும் 1985இலும் தொடர்நூல்கள் வந்தன. மர்மம் வாசகருக்கு முன்பே தெரிந்துவிட்டதால் அவற்றில் வியப்பு குறைவு. நகைச்சுவைப் படக்கதையாக முதல் நூல் முதல் தரம். வகுப்பை நடத்தும் வழிகாட்டியாக அதைக் கொள்வது தவறு.