சைக்கிளும் சாந்துக்கரண்டியும்

காரில் போகிறவருக்கு நீலகிரியின் பைக்காரா என்றால் படகுத்துறையும் அருவியும்தான். கூடலூரிலிருந்து சைக்கிளில் ஏறுகிறவருக்கு நடுவட்டத்திலேயே மூச்சு முட்டிவிடும். இளைப்பாற நிற்கும்போது தேயிலைச் சரிவில் வரிசையாக ஒட்டிக் கிடக்கும் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் கண்ணில் படும். 2008இல் தொடங்கிய ‘டூர் ஆஃப் நீலகிரீஸ்’ இந்த மலைகளில் கூட்டமாகச் சைக்கிள் மிதிப்பதை ஆண்டுதோறும் நடக்கும் நிகழ்வாக்கியது. அமெரிக்காவில் 2002இல் உருவான ‘பைக் அண்ட் பில்ட்’ இதற்கு ஒரு படி மேலே போனது. இளைஞர்கள் நிதி திரட்டிக்கொண்டு நாட்டின் குறுக்கே மிதித்தார்கள். வழியில் ஆங்காங்கே நின்று, ஏழைகளின் வீடு கட்டும் வேலையில் கைகொடுத்தார்கள். அதை நம் மலைக்குக் கொண்டுவரலாமா?

பயணத்தின் பயனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 1985இல் சமூக சேவகர் பாபா ஆம்தே கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் நோக்கி இளைஞர்களைச் சைக்கிளில் கூட்டிப்போனார். முதுகெலும்பு நோயால் உட்கார முடியாத அவர் வண்டியில் படுத்தபடியே கூட வந்தார். சைக்கிளின் வேகத்தில் ஊர் தெரியும், முகம் தெரியும், யார் வீட்டில் கூரை ஒழுகுகிறது என்பதும் தெரியும். அப்படிப் பார்த்துவிட்டுத் திரட்டும் பணத்துக்கு ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது.

சைக்கிளில் வருகிறவர் சாந்துக்கரண்டியைக் கையில் எடுக்கும்போதுதான் எனக்குத் தயக்கம். நீலகிரியில் வீடு என்பது முதலில் சரிவோடு நடக்கும் பேச்சுவார்த்தை. மண்ணை எவ்வளவு வெட்டலாம், தடுப்புச் சுவர் எங்கே வர வேண்டும், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வழிய வேண்டும் என்பதெல்லாம் இங்கேயே வேலை செய்து பழகிய கொத்தனாருக்குத்தான் தெரியும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட மலையில், காலையில் வந்து மாலையில் கிளம்புகிறவர் வைத்த வரிசையைக் கொத்தனார் மறுநாள் பிரித்துக் கட்ட நேர்ந்தால் சிமெண்டும் வீண், நாளும் வீண். சித்தாளின் ஒரு நாள் கூலியும் பறிபோகும்.

கூடிக் கட்டுவது இந்த மலைக்குப் புதிதல்ல. இங்குள்ள பழங்குடிகளான தோடர்கள் தங்கள் கோயிலுக்குப் புதுக்கூரை வேய ஊர் ஊராகச் சேர்ந்து வருவார்கள். அதற்கான புல்லைச் சதுப்புகளில் தேடி அறுப்பார்கள். யூக்கலிப்டஸும் சீகையும் பரவிய பிறகு அந்தப் புல்லுக்கே தட்டுப்பாடு. அங்கே வேய்கிற கையும் வணங்குகிற கையும் ஒன்று. ஏழைகளுக்கு வீடு கட்ட உதவும் ‘ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி’ அமைப்பும் வீடு பெறும் குடும்பம் தானும் உழைக்க வேண்டும் என்கிறது. வீட்டுக்காரர் விருந்தாளிபோல ஓரமாக நிற்க, வெளியூர்க்காரர் செங்கல் தூக்கும் காட்சி எனக்கு உறுத்துகிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் சுவருக்கும் அடியில் இருக்கிறது. லைன் வீடு வேலையோடு கட்டுண்டது. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்து அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்களை இந்தக் கவலை விட்டதே இல்லை. கூடலூர், பந்தலூர் பக்கம் 1969 ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு நிலங்களில் தலைமுறையாக இருப்பவர்களுக்குப் பட்டா கிடைக்கவில்லை. பட்டா இல்லாததால் மின் இணைப்பும் மறுக்கப்பட்டது. 1932லேயே பைக்காரா மின்சாரம் இறங்கிப்போய்க் கோவை ஆலைகளை ஓட்டியது. அதே மலையடிவாரத்துப் பிள்ளைகள் விளக்கொளியில் படித்தார்கள் என்பதை என்னால் ஆறிய மனதோடு எழுத முடியவில்லை. பட்டா இல்லாத மண்ணில் ஆயிரம் தன்னார்வலர்கள் வந்தாலும் நிலைக்கிற வீட்டைக் கட்டித்தர முடியாது.

ஆகவே சைக்கிள் வரட்டும், பணமும் வரட்டும். கரண்டி உள்ளூர்க் கொத்தனாரிடமே இருக்கட்டும், முழுக் கூலியோடு. வந்தவர்கள் மண் சுமக்கலாம், சுவருக்குத் தண்ணீர் பிடிக்கலாம், மனு எழுதலாம், தாலுகா அலுவலகத்துக்குத் துணைக்குப் போகலாம். இன்னொன்றும் கேட்பேன். இந்தப் பயணங்கள் மழை ஓய்ந்த குளிர்காலத்தில் நடக்கின்றன. வீட்டைச் சோதிப்பதோ தென்மேற்குப் பருவமழை. பணம் கொடுத்த குழுவிலிருந்து இரண்டு பேராவது ஆடியில் திரும்பி வந்து, அந்தக் கூரைக்குக் கீழே ஒரு ராத்திரி படுத்துப் பார்க்க வேண்டும்.