பாரிஸின் வயிற்றில் ஒரு மால்

பாரிஸின் நடுவயிற்றில் எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு சந்தை இருந்தது. லே ஆல் என்று பெயர். விக்டர் பால்தார் அங்கே இரும்பாலும் கண்ணாடியாலும் எழுப்பிய மண்டபங்களை வைத்து எமிலி ஸோலா 1873இல் ஒரு நாவலே எழுதினார். தலைப்பு, 'பாரிஸின் வயிறு'. 1969இல் அந்த வயிற்றைப் பெயர்த்து நகருக்குத் தெற்கே ரன்ஜிஸில் கொண்டுபோய் வைத்தார்கள். நெரிசலும் சுகாதாரமும் காரணம். அது பொய்யில்லை. ஆனால் 1971 முதல் மண்டபங்களையும் இடித்துத் தள்ளினார்களே, அதற்குத்தான் மன்னிப்பில்லை. மிஞ்சியது ஒரு ராட்சதப் பள்ளம். இத்தாலிய இயக்குநர் மார்கோ ஃபெரேரி அதற்குள் இறங்கி ஒரு கௌபாய் படம் எடுத்துவிட்டுப் போனார்.

அந்தப் பள்ளத்தை அடைக்க 1979இல் வந்ததுதான் ஃபோரம் தே ஆல். மண்ணுக்கடியில் அடுக்கடுக்காகக் கடைகள், பின்னாளில் திரையரங்குகள், நீச்சல்குளம். பிரான்சில் எந்த நகராட்சியாவது 'மால் கட்டிப் பேட்டையை எழுப்புவோம்' என்று புறப்பட்டால் கைகாட்டும் முன்மாதிரி இது. கூட்டத்தைப் பார்த்தால் வெற்றிதான். அந்தக் கூட்டம் எதைத் தேடி வருகிறது என்பதுதான் கேள்வி.

மாலுக்கு அடியில் ஷாத்லே-லே ஆல் ரயில் நிலையம் இருக்கிறது. மூன்று ஆர்.இ.ஆர் (புறநகர் விரைவு ரயில்) தடங்களும் ஐந்து மெட்ரோ தடங்களும் சந்திக்கும் அந்த இடத்தை நாளொன்றுக்குச் சுமார் 7,50,000 பேர் கடக்கிறார்கள். நிலையம் திறந்தது 1977இல், மால் வருவதற்கு இரண்டு ஆண்டு முன்பே. கடைகள் இந்த மனித ஆற்றை வரவழைக்கவில்லை; ஓடுகிற ஆற்றில் வலை போட்டன. லில் நகரின் யூராலில் மால் (1994) இரண்டு ரயில் நிலையங்களுக்கு இடையே நிற்பதும் இதே கணக்கில்தான்.

ஆறில்லாத இடத்தில் வலை போட்டால் என்னவாகும் என்பதற்கு ஓபர்வில்லியே சாட்சி. பாரிஸ் எல்லையை ஒட்டிய அந்த ஏழைப் புறநகரில், கால்வாய்க்கரையில் 2011இல் லெ மில்லெனேர் என்ற மால் திறந்தது. 50,000 சதுர மீட்டருக்கு மேல் கடைகள். வாசலில் மெட்ரோ இல்லாததால் ஆட்களை இலவசப் படகில் ஏற்றி வந்தார்கள்! அழகான யோசனை, வியாபாரத்துக்கு உதவவில்லை. சில ஆண்டுகளிலேயே கடைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

ஆக, லே ஆலில் மால் சாதித்தது ஒன்றுமில்லையா? அப்படிச் சொல்லிவிட முடியாது. புறநகர்ப் பிள்ளைகள் பாரிஸின் நடுவில் பயமில்லாமல் நின்று அரட்டையடிக்க ஓர் இடம் கிடைத்தது. அக்கம்பக்கத்தார் பலருக்கு அதுவே குறை; என் பார்வையில் அதுவே இந்தக் கட்டடத்தின் ஆகப்பெரிய கொடை. 2016இல் மேலே 'கனோப்பே' என்ற மஞ்சள் கூரையைக் கவிழ்த்தபோது, அதன் கீழ் நூலகம், இசைப்பள்ளி, ஹிப்-ஹாப் மையம் மூன்றையும் சேர்த்தது நல்ல புத்தி. தோட்டம், நிலையம் எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 100 கோடி யூரோ செலவு. திறந்த சில வாரங்களிலேயே கூரை ஒழுகியது வேறு கதை.

குறை கடைகளில் இருக்கிறது. உள்ளே இருப்பவை எந்த ஊர் மாலிலும் இருக்கும் சங்கிலிக் கடைகள்; பேட்டைக்கென்று ஒரு வாசனை இல்லை. சந்தை விட்டுப்போன உயிர் மாலுக்கு வெளியேதான் கிடக்கிறது: சமையல்காரர்கள் செம்புச் சட்டி வாங்கப் போகும் தெயில்ரன் கடை, 1820இல் தொடங்கியது, பக்கத்துத் தெருவில் இன்னும் நடக்கிறது. எந்தப் புத்துயிர்த் திட்டமும் அதை நட்டு வளர்க்கவில்லை.

ஆனாலும் மால் மோகம் ஓயவில்லை. பாரிஸுக்கு வடக்கே கோனெஸ் வயல்களில் யூரோப்பாசிட்டி என்று ஒரு மாலைத் திட்டமிட்டார்கள், செயற்கைப் பனிச்சறுக்குத் தளம் உட்பட. விவசாயிகளும் சூழலியலாளர்களும் எதிர்க்க, 2019இல் அரசு கைவிட்டது. மாலோடு சேர்த்துப் போட்ட மெட்ரோ நிலையத்தை மட்டும் விடவில்லை. 2021இல் அதை உறுதிசெய்தது. அங்கே இறங்குவதற்கு இப்போதைக்கு வயல்தான் இருக்கிறது.