இராமானுஜனைப் ‘பிறவி மேதை’ என்று எழுதுவதற்கு முன்

எஸ்.பி.எம். மாதிரித் தேர்வுக் கட்டுரைகளைத் திருத்த உட்கார்ந்தால் கணிதமேதை இராமானுஜன் தலைகாட்டாத கட்டு கிடையாது. ‘சாதனைப் பிள்ளைகள் பிறக்கிறார்களா, உருவாக்கப்படுகிறார்களா?’ என்ற மாதிரித் தலைப்பு வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பாதிப் பேர் அவரைப் பிறவி மேதை என்று எழுதுகிறார்கள். மீதிப் பேர் ‘வறுமையிலும் விடாமுயற்சி’ என்கிறார்கள். ஒரே ஆள் இரண்டு கட்சிக்கும் சாட்சி சொல்கிறார் என்றால், அவர் வாழ்க்கையை நாம் சரியாகப் படிக்கவில்லை என்றுதானே பொருள்?

மாணவர்களே, இதில் உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் ஆசிரியர்கள் சொல்லிக் கொடுத்ததைத்தான் நீங்கள் எழுதுகிறீர்கள்.

இந்தத் தலைப்புக்கு நீங்கள் கைவசம் வைத்திருக்கும் இன்னொரு சான்று புறநானூற்றின் 312ஆம் பாடல். பொன்முடியார் பாடியது, ஆறே அடி. திணை வாகை, துறை மூதின்முல்லை. பெற்று வளர்ப்பது தாயின் கடமை, சான்றோன் ஆக்குவது தந்தையின் கடமை என்ற முதல் இரண்டு அடிகளோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். ‘ஆகவே பெற்றோரே பொறுப்பு’ என்று ஒரு வரி, பத்தி முடிந்தது. மீதி நான்கு அடி என்ன ஆயிற்று?

மீதியில் வேல் வடித்துக் கொடுக்கும் கொல்லன் வருகிறான், வேந்தன் வருகிறான், கடைசியில்தான் போர்க்களத்துக் காளை வருகிறான். பிள்ளையின் சொந்த வேலைக்கு மட்டும் இரண்டு அடி. மற்ற நால்வருக்கும் ஆளுக்கு ஓர் அடி. பாட்டின் கணக்கு இதுதான். ஐந்து பேர் செய்ய வேண்டிய காரியத்தை இரண்டு பேர் தலையில் கட்டிவிட்டுப் போவது நம் வேலை, பொன்முடியாருடைய வேலை இல்லை.

இன்னும் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். ஒன்று, இது போர்க்களத்துப் பாட்டு. இங்கே ‘சான்றோன்’ என்பதற்கு இன்று நாம் சொல்லும் ‘கல்வியில் சிறந்தவன்’ என்ற பொருளைவிட ‘வீரன்’ என்ற பொருள்தான் நன்றாகப் பொருந்தும். கட்டுரையில் இப்பாடலை எடுத்தாளும்போது இதை ஒரு வரியில் ஒப்புக்கொண்டு எழுதினால் உங்கள் வாதம் பலப்படுமே தவிர, பலவீனப்படாது. இரண்டாவது, வேந்தன் கொடுப்பது என்ன என்பதில் பாடவேறுபாடு உண்டு. ‘நன்னடை’ என்றால் நல்ல ஒழுக்கம். ‘தண்ணடை’ என்றால் மருதநிலம், அதாவது சோறு போடும் வயல். எனக்கு இரண்டாவது பாடம்தான் பிடிக்கும். ஒழுக்கத்தைப் பற்றி உபதேசம் செய்ய எல்லாரும் இருக்கிறார்கள், வயல் கொடுக்கத்தான் ஆள் வேண்டும்.

இந்த ஐந்து பேரையும் வைத்துக்கொண்டு இராமானுஜனிடம் வாருங்கள். 1887 டிசம்பர் 22, ஈரோட்டில் பிறப்பு, கும்பகோணத்தில் வளர்ப்பு. அப்பா சேலைக் கடையில் கணக்கர். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பாடியவர், வீட்டை நடத்தியவர். பணம் போதவில்லை என்று வீட்டில் கல்லூரி மாணவர்களைத் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார்கள். வறுமை என்று நாம் எழுதும் அதே நிலைமைதான், பள்ளிக்கூடப் பையன் ஒருவனுக்குக் கல்லூரிக் கணக்கை வீட்டுத் திண்ணைக்கே கொண்டுவந்தது. லோனியின் திரிகோணமிதி நூல் அப்படித்தான் அவர் கைக்கு வந்தது. 1903 வாக்கில், பதினைந்து பதினாறு வயதில், கார் என்பவர் தொகுத்த நூலும் கிடைத்தது. அதில் ஐயாயிரம் அளவுக்கு முடிவுகள் இருந்தன, ஆனால் முழு நிறுவல்கள் இல்லை. அந்தப் புத்தகம் எழுதியிருந்த மாதிரியே இராமானுஜனும் பிற்காலத்தில் விடையை மட்டும் எழுதி, நிறுவலை விட்டுவிட்டார். கேம்பிரிட்ஜில் ஹார்டி அதைச் சரிசெய்யப் பாடுபட வேண்டியிருந்தது. ‘பிறவி’ என்று நாம் சொல்லும் மேதைமையின் கையெழுத்தில்கூட ஓர் இரவல் புத்தகத்தின் சாயல் விழுந்திருக்கிறது.

கொல்லன் வேல் கொடுத்துவிட்டான். வேந்தன்? கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904இல் கிடைத்த உதவித்தொகை, கணிதம் தவிர மற்றப் பாடங்களில் தேறாததால் பறிபோனது. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் எஃப்.ஏ. தேர்வில் மீண்டும் தோல்வி, உடலியல் பாடம் காலை வாரியது. அப்புறம் சில ஆண்டுகள் வேலையும் இல்லை, பட்டமும் இல்லை, நோட்டுப்புத்தகம் மட்டும். நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துத் தாங்கினார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை. 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம். அதற்குப் பிறகுதான் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஒதுக்கியது. தண்ணடை வந்து சேர்ந்தபோது அவருக்கு இருபத்தைந்து வயது.

ஹார்டி இயல்பான கணிதத் திறனுக்கு மதிப்பெண் போட்டதாகக் கணிதவியலாளர் எர்டிஷ் சொல்லியிருக்கிறார்: தனக்கு 25, லிட்டில்வுட்டுக்கு 30, ஹில்பர்ட்டுக்கு 80, இராமானுஜனுக்கு 100. ‘பிறவி’ கட்சிக்காரர்களுக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஆனால் அதே ஹார்டிதான், இராமானுஜன் 32 வயதில் இறந்ததைவிட, பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வரை அவருக்கு வழிகாட்டல் இல்லாமல் போனதையே பெரிய இழப்பாகக் கருதினார். 100 வாங்கிய ஆளுக்கே அந்த ஏழு ஆண்டு திரும்பிக் கிடைக்கவில்லை.

எதிர்த்தரப்பையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அவர்களும் மிகைப்படுத்துகிறார்கள். ஹங்கேரியில் லாஸ்லோ போல்கார் மேதைகளை உருவாக்க முடியும் என்று சொல்லி, மூன்று மகள்களையும் வீட்டிலேயே வைத்துச் சதுரங்கம் பழக்கினார். கடைக்குட்டி யூடிட் 1991இல், பதினைந்து வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். மூத்தவர் சூசனும் ஆனார். நடுவில் பிறந்த சோஃபியா சிறந்த ஆட்டக்காரர்தான், அனைத்துலக மாஸ்டர், ஆனால் கிராண்ட்மாஸ்டர் பட்டம் வாங்கவில்லை. அதே வீடு, அதே அப்பா. கட்டுரையில் யூடிட்டை மட்டும் எழுதிவிட்டுச் சோஃபியாவை மறைத்தால் அது வாதம் இல்லை, விளம்பரம்.

சென்னை வைஷாலியும் பிரக்ஞானந்தாவும் உலகின் முதல் அக்கா-தம்பி கிராண்ட்மாஸ்டர்கள் என்றதும் ‘ரத்தத்துலயே இருக்கு’ன்னு சொல்லிடுறோம். டிவி பார்ப்பதைக் குறைக்கத்தான் வைஷாலியைச் சதுரங்கத்தில் சேர்த்தார்கள். அக்கா ஆடியதைப் பார்த்துத் தம்பி வந்தார். பயிற்சியாளர் ஆர்.பி. ரமேஷ், கூடவே ஊர் ஊராகப் போன அம்மா என்று கொல்லர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். ரத்தத்தில் ஏதாவது இருந்திருக்கலாம். அதை வீட்டு டிவி கண்டுபிடிக்கவில்லை.

இதை ஏன் குளுவாங்கில் உட்கார்ந்துகொண்டு இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்? நம் ஆசிரியர் அறைகளில் ‘அவன் மண்டை அவ்வளவுதான்’ என்ற பேச்சு சாதாரணமாகக் காதில் விழுகிறது. நானும் சொல்லியிருக்கிறேன். தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வருகிற பிள்ளைக்கு வீட்டில் தங்கியிருந்த கல்லூரி அண்ணன் யாருமில்லை, டியூஷனும் இல்லை. கணக்கில் புலியாக இருந்தும் மலாய்மொழியிலோ வரலாற்றிலோ தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழ் கிடையாது. எஃப்.ஏ. தேர்வுக்கும் நம் தேர்வுக்கும் இந்த ஒரு விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. விதி தப்பு என்று நான் சொல்லவில்லை. மலாயும் வரலாறும் பிள்ளைகளுக்குத் தேவைதான். ஆனால் அந்தப் பிள்ளையை அந்த இரண்டு பாடத்தில் யார் கைதூக்கிவிடுவது என்பதைப் பார்க்காமல், கணக்கு மூளை பிறவியா வளர்ப்பா என்று வாதம் நடத்துவது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு ஒன்று. வாதக் கட்டுரையில் ஒரு பக்கம் நின்றுதான் எழுத வேண்டும், நில்லுங்கள். ‘பிறவி’ என்று நின்றால் ஹார்டியின் 100ஐயும் சோஃபியாவையும் காட்டுங்கள். ‘வளர்ப்பு’ என்று நின்றால் காரின் நூலையும் அந்த ஏழு ஆண்டையும் காட்டுங்கள். பெயரை மட்டும் எழுதிவிட்டு ‘இதிலிருந்து தெரிகிறது’ என்று தாவாதீர்கள். அடுத்த கட்டில் ‘இராமானுஜன் ஒரு பிறவி மேதை’ என்ற வரி மொட்டையாக வந்தால், சிவப்புப் பேனாவில் அடிக்கப் போவதில்லை. ஓரத்தில் ஒரு கேள்வி மட்டும் எழுதப் போகிறேன்: புத்தகத்தை யார் கொடுத்தது?