விருந்தும் விஷமமும்

சிரித்து முடித்த பிறகு, எதற்காகச் சிரித்தோம் என்று உட்கார்ந்து யோசிப்பது எனக்கு நெடுநாளைய பழக்கம். கதை எழுதுகிறவனுக்கு வரும் தொழில் சம்பந்தமான வியாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வியாதியால் பல நல்ல ஹாஸ்யங்களை நானே எனக்குக் கெடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கும் ஒன்றைக் கெடுக்கத்தான் உத்தேசம்.

ஹாஸ்யச் சித்திரங்களில் எத்தனை தரம் வந்தாலும் அலுக்காத காட்சி ஒன்று உண்டு. வீட்டுக்கு முக்கியமான மனிதர் ஒருவர் சாப்பிட வரப்போகிறார். அநேகமாக வீட்டுக்காரரின் மேலதிகாரி. மேஜை விரிப்பு சலவையிலிருந்து அன்றுதான் வந்திருக்கிறது. வீட்டுக்காரி காலையிலிருந்து அடுப்பை விட்டு நகரவில்லை. வீட்டுக்காரர், தாம் தற்செயலாகச் சொல்வதுபோல் சொல்லப்போகிற இரண்டு வேடிக்கைப் பேச்சுகளை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறார். வாசல் மணி அடிக்கிறது. விருந்தாளி உட்காருகிறார். அந்த நிமிஷம் பார்த்துக் குழந்தை உள்ளே வருகிறது. அப்புறம் என்ன ஆகும் என்று நமக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருப்பதால்தான் சிரிக்கிறோம் என்றுகூடச் சொல்லலாம்.

இந்த நாடகத்தை இரண்டாவது, மூன்றாவது அங்கமெல்லாம் இல்லாமல், ஒரே கட்டத்தில், கீழே ஒரே வரியில் முடித்துவிடக்கூடிய கைகாரர் ஹாங்க் கெட்சம் என்ற அமெரிக்கச் சித்திரக்காரர். 1920-ல் பிறந்தவர். வால்ட் டிஸ்னியிடம் 'பினோக்கியோ', 'பான்டாஸியா' படங்களுக்கு உழைத்தவர். அவருக்கு நாலு வயதில் ஒரு பிள்ளை இருந்தான். ஒரு நாள் மத்தியானம் தூங்க வைத்த பையன் தூங்காமல் அறையைத் துவம்சம் செய்துவிட்டான். தாயார் ஆலிஸ் பொறுமை இழந்து, "உங்கள் பிள்ளை ஒரு பெரும் தொல்லை" என்று கத்தினாள். பையன் பெயர் டென்னிஸ். 'டென்னிஸ் தி மெனஸ்' என்ற கேலிச்சித்திரத்துக்குப் பெயர் அங்கேயே கிடைத்துவிட்டது. 1951 மார்ச் 12-ந் தேதி 16 பத்திரிகைகளில் அது ஆரம்பமாயிற்று. அதே நாளில் பிரிட்டனில் 'பீனோ' என்ற சிறுவர் பத்திரிகை, அதே பெயருள்ள இன்னொரு போக்கிரிப் பையனைத் தாங்கிக்கொண்டு கடைக்கு வந்தது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதவில்லை. கதையில் இப்படி ஒரு தற்செயலை நான் எழுதினால் ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

கெட்சமின் டென்னிஸுக்கு ஐந்தரை வயது. அவன் விருந்தாளியின் நாற்காலியில் ஊசி வைக்கிற ஜாதி இல்லை. அவன் செய்வது அதைவிட மோசம். கேட்டதைக் கேட்டபடி சொல்லிவிடுவான். வந்திருப்பவரை ஏற இறங்கப் பார்ப்பான். அப்பா சொன்ன அந்த இன்னார் இவர்தானா என்று சந்தேகம் கேட்பான். அம்மா இந்த விருந்தைப் பற்றி நேற்று ராத்திரி என்ன சொன்னாள் என்பதையும், சம்பாஷணைக்கு உதவியாக இருக்கட்டுமே என்று, எடுத்து வைப்பான். படத்தில் அப்பா ஹென்றி கையில் பிடித்த கோப்பையோடு சிலையாகிவிடுவார். அம்மா முகத்தில் பாதிப் புன்னகை பாதியிலேயே நிற்கும். டென்னிஸின் முகத்தில் மட்டும் கபடமே இருக்காது. அவனுக்குத் தண்டனை, அறை மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு சின்ன ஆடும் நாற்காலியில் உட்காருவது. அங்கே உட்கார்ந்தும், தான் செய்த தப்பு என்ன என்று அவனுக்கு விளங்குவதில்லை.

விளங்காததில் ஆச்சரியம் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு பாஷைகள் இருக்கின்றன. உள்ளே பேசுவது ஒன்று, கூடத்தில் பேசுவது ஒன்று. குழந்தை முதலில் கற்பது உள் பாஷையை. இரண்டாவதை யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை. அடி வாங்கித்தான் கற்றுக்கொள்ள வேண்டும். டென்னிஸுக்கு அந்தப் பாடம் ஏறவே இல்லை. ஆகவே அவன் செய்வதை விஷமம் என்று சொல்வதே தவறு என்பது என் கட்சி. விஷமம் முழுவதும் பெரியவர்கள் செய்து வைத்திருக்கிறார்கள். அவன் அதன்மேல் தடுக்கி விழுகிறான், அவ்வளவுதான்.

ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இத்தனை பயம் ஏன் என்று வாசகர் கேட்கலாம். அதே 1951-ல் 'பார்ச்சூன்' பத்திரிகையில் வில்லியம் வைட் என்பவர் அமெரிக்கக் கம்பெனி உத்தியோகஸ்தர்களின் மனைவிமாரைப் பற்றி எழுதிய கட்டுரைகளில் பதில் இருக்கிறது. ஒருவனுக்குப் பதவி உயர்வு கொடுக்கு முன், அவன் மனைவி எப்படிப் பழகுகிறாள், எப்படி உபசரிக்கிறாள் என்பதையும் கம்பெனிகள் பார்த்து எடை போட்டன. யுத்தத்துக்குப் பிறகு எழும்பிய அந்தப் புறநகர் வீடுகளில் சமையற்காரி கிடையாது, பரிமாற ஆள் கிடையாது. எல்லாம் ஒருத்தி தலையில். விருந்து என்பது சாப்பாடு அல்ல, பரீட்சை. இது தெரிந்தால், டென்னிஸ் வாயைத் திறக்கும்போது ஆலிஸ் மிட்செல்லின் முகம் அப்படி வெளிறுவது வெறும் மிகை அல்ல என்று புரியும். 1962-ல் தொலைக்காட்சியில் வந்த 'ஜெட்ஸன்ஸ்' கார்ட்டூன் நூறு வருஷம் தள்ளி 2062-ல் நடப்பதாகக் கற்பனை. பறக்கும் கார் இருக்கிறது, பொத்தானை அமுக்கினால் எல்லாம் நடக்கிறது. ஆனால் முதல் கதையிலேயே மேலதிகாரி ஸ்பேஸ்லி சாப்பிட வந்துவிடுகிறார்! அவர் தலையில் கேக்கைக் கவிழ்க்கும் வேலையை அங்கே இயந்திர வேலைக்காரி ரோஸி ஏற்றுக்கொள்கிறாள். விஞ்ஞானம் எவ்வளவு வளர்ந்தாலும் மேலதிகாரியிடமிருந்து தப்ப வழி கண்டுபிடிக்கப்படவில்லை போலிருக்கிறது.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லாவிட்டால் மேலே எழுத ஓடாது. நான் கும்பகோணத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்த காலம். அத்தையைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று எதிர்வீட்டிலிருந்து நாலு பிரம்பு நாற்காலி கடன் வாங்கிக் கூடத்தில் போட்டார்கள். தூக்கி வந்தவர்களில் நானும் ஒருவன். பின்னங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தேன். பிள்ளையின் அப்பா கனத்த சரீரம். அவர் உட்கார்ந்ததும் நாற்காலி முனகிற்று. எனக்குப் பகீர் என்றது. "தாத்தா, மெதுவா உட்காருங்க, ஆறு மணிக்குத் திருப்பிக் கொடுக்கணும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கேசரி சாப்பிட்டார்கள், பாட்டுக் கேட்டார்கள், போய்க் கடிதம் எழுதுகிறோம் என்றார்கள். கடிதம் வரவில்லை. ஜாதகத்தில்தான் என்னவோ தடங்கல் என்று தாத்தா சொன்னார். அப்படியும் இருக்கலாம். அத்தைக்குக் கல்யாணம் நடக்க அதற்கப்புறம் நாலு வருஷம் ஆயிற்று. இப்போது அந்த நாற்காலிக் கதையை எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அத்தையும் கூடச் சிரிப்பாள். ஆனால் அவளாக அதை ஆரம்பித்து நான் கேட்டதில்லை.

ஆகவேதான் விருந்து கெட்டுப்போகிற ஒவ்வொரு ஹாஸ்யத்திலும், 'அடுத்த நாள் காலை என்ன ஆயிற்று?' என்று என் புத்தி கேட்டுவிடுகிறது. கெட்சம் பதில் சொல்லமாட்டார். அடுத்த நாள் காலை அடுத்த படம் வந்துவிடும். ஹென்றியின் உத்தியோகம் பத்திரமாக இருக்கும்.

பதில் சொன்னவர் ஒருவர் இருக்கிறார். இந்தப் போக்கிரிப் பிள்ளைகள் எல்லோருக்கும் மூத்த பிள்ளைகளைப் படைத்த ஜெர்மானியர் வில்ஹெல்ம் புஷ். 1865-ல் வெளிவந்த அவருடைய 'மாக்ஸும் மோரிட்ஸும்' ஏழு விஷமங்களின் கதை. பாட்டும் படமுமாக எழுதியது. முனிச் நகரப் பதிப்பாளர் ஒருவருக்கு மொத்த உரிமையையும் ஆயிரம் குல்டனுக்கு விற்றுவிட்டார் மனிதர். அப்புறம் அது எத்தனை பாஷைகளில் போயிற்று என்பதை நினைத்தால் எழுத்தாளன் என்ற முறையில் எனக்கு வயிறு எரிகிறது.

அதில் முதல் இரண்டு விஷமங்களும் ஒரு சாப்பாட்டைப் பற்றியவை. போல்ட்டே என்ற விதவைக்கு மூன்று கோழி, ஒரு சேவல். பையன்கள் ரொட்டித் துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக நூலில் கட்டிப் போடுகிறார்கள். நாலும் ஆளுக்கொன்றை விழுங்கி, நூலில் மாட்டிக்கொண்டு, பறக்கப் பார்த்து மரக்கிளையில் தொங்கிச் சாகின்றன. கிழவி அழுதுகொண்டே கத்தியால் அறுத்து இறக்குகிறாள். அழுகை சற்று ஓய்ந்ததும், செத்தவற்றுக்குச் செய்யக்கூடிய மரியாதை, நன்றாக வறுத்துச் சாப்பிடுவதுதான் என்று தீர்மானிக்கிறாள். இந்த ஓர் இடத்துக்காகவே புஷ்ஷை மகா ஹாஸ்யக்காரர் என்பேன். துக்கமும் பசியும் ஒரே வயிற்றில் இருப்பதை அவர் மறைக்கவில்லை. அதற்காகக் கிழவியைக் கேலியும் செய்யவில்லை. கோழிகள் வாணலியில் சிவக்கின்றன. அவள் தொட்டுக்கொள்ள, புளிக்கவைத்த முட்டைக்கோஸ் எடுக்க நிலவறைக்குப் போகிறாள். கூரையில் ஏறிய பையன்கள் புகைபோக்கி வழியாகத் தூண்டில் விட்டு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

கிழவி திரும்பி வருகிறாள். வாணலி காலி. அங்கே நிற்பது அவளுடைய நாய் ஸ்பிட்ஸ் ஒன்றுதான். திருட்டைப் பார்த்துக் குரைத்த ஒரே சாட்சி அது. பெரிய கரண்டியை எடுத்து அதை அடி அடியென்று அடிக்கிறாள். வேலியோரத்தில் இரண்டு பையன்களும் வயிறு புடைக்கத் தூங்குகிறார்கள். வாயோரத்தில் கோழிக்கால் நீட்டிக்கொண்டிருக்கிறது.

நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த நாயைப் படத்திலிருந்து எடுத்துவிட்டால் இது எத்தனை சாதாரணமான கதையாகிவிடும், யோசித்துப் பாருங்கள். சிரிப்புக்கு விலை உண்டு, அதைக் கொடுப்பது சிரித்தவனும் இல்லை, விஷமம் செய்தவனும் இல்லை என்று புஷ் ஒரு படத்தில் காட்டிவிட்டுப் பேசாமல் அடுத்ததற்குப் போய்விடுகிறார். கடைசியில் பையன்களையும் மாவு ஆலையில் போட்டு அரைத்து வாத்துகளுக்குத் தீனியாக்கிவிடுகிறார். ஊரில் ஒருவர் கண்ணிலும் ஜலம் வரவில்லை. முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. தர்மத்துக்காகச் செய்தது மாதிரி இல்லை, சலித்துப்போய்ச் செய்தது மாதிரி இருக்கிறது. ஸ்பிட்ஸை அடித்த இடத்தில் இருக்கிற உண்மை அங்கே இல்லை.

புஷ்ஷின் பிள்ளைகள் கடல் தாண்டி அமெரிக்கா போன கதை பிரசித்தம். ருடால்ப் டர்க்ஸ் என்ற ஜெர்மானிய இளைஞர் 1897 டிசம்பரில் ஹெர்ஸ்ட்டின் நியூயார்க் பத்திரிகையில் 'காட்ஸென்ஜாமர் கிட்ஸ்' ஆரம்பித்தார். ஹான்ஸ், பிரிட்ஸ் என்று பெயர் மாறிற்றே தவிர குணம் மாறவில்லை. ஆனால் வாராவாரம் வரவேண்டிய பிள்ளைகளை மாவாக அரைக்க முடியாதல்லவா? பின்புறத்தில் நாலு சாத்து சாத்தி அனுப்பினார்கள். அந்தச் சாத்து விழுந்ததும் கணக்குத் தீர்ந்தது என்று வாசகனும் பக்கத்தைப் புரட்டினான். ஹாஸ்யத்தில் அடுத்த நாள் காலை இல்லாமல் போனது அங்கேதான் ஆரம்பம் என்று நினைக்கிறேன். கெட்சம் அந்தச் சாத்தையும் எடுத்துவிட்டு மூலை நாற்காலி போட்டார்.

கெட்சமைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவருடைய கோடுகளின் சுத்தத்தைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. ஆனால் அவர் வீட்டுக்கும் ஒரு அடுத்த நாள் காலை வந்தது. ஆலிஸ் 1959-ல் இறந்துபோனாள். பையன் டென்னிஸுக்கு அப்போது 12 வயது. தகப்பனார் மறுமணம் செய்துகொண்டு ஜெனீவாவில் குடியேறினார். பையன் விடுதிப் பள்ளிகளில் படித்தான், வியட்நாம் யுத்தத்துக்குப் போனான். பிற்காலத்தில் தகப்பனுக்கும் பிள்ளைக்கும் போக்குவரத்து அதிகம் இல்லை. இத்தனை வருஷமும் படத்தில் ஆலிஸ் மிட்செல் மேஜை விரித்துக்கொண்டுதான் இருந்தாள். பையனுக்கு ஐந்தரை வயதுதான். கெட்சம் 1994-ல் ஓய்வு பெறும்வரை அவர்களை ஜாக்கிரதையாகக் காப்பாற்றி வந்தார். இதை வைத்துக்கொண்டு நான் ஒரு சித்தாந்தம் கட்டப்போவதில்லை. ஆனால் அந்தப் படங்களை இப்போது பார்க்கும்போது, விருந்தாளி எழுந்து போன பிறகு அந்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்க அவருக்கு இஷ்டமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

அவருடைய பாத்திரங்களை எடுத்துக்கொண்ட வேறொருவர் எட்டிப் பார்த்தார். 1993-ல் ஜான் ஹ்யூஸ் எழுதி, நிக் காஸில் இயக்கிய சினிமா. படத்தின் பெரும்பகுதி திருடன் அடிவாங்குகிற வழக்கமான ரகளைதான். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நடுவில் ஒரு விருந்து வருகிறது. அதற்காக நான் படத்தை இரண்டு தரம் பார்த்தேன். பக்கத்து வீட்டு வில்ஸன் 40 வருஷமாக ஒரு செடியை வளர்த்து வருகிறார். 40 வருஷத்துக்கு ஒரு தரம், ஒரு ராத்திரி, சில விநாடிகள் மட்டும் மலர்ந்து வாடிவிடுகிற பூ. ஊர்த் தோட்டக்காரர்கள் எல்லோரும் கூடியிருக்கிறார்கள். இதழ் விரிகிறது. அந்த விநாடி டென்னிஸ் கூவிக்கொண்டு ஓடி வருகிறான். அவர் வீட்டில் திருட்டுப் போயிருக்கிறது, நல்லெண்ணத்தோடு அதைச் சொல்லத்தான் வருகிறான். எல்லோரும் அவன் பக்கம் திரும்புகிறார்கள். திரும்பிப் பார்க்கும்போது பூ வாடிவிட்டது.

வால்டர் மாத்தௌ அந்த இடத்தில் கத்தவில்லை. தாழ்ந்த குரலில், சொல்லக்கூடாத சில வார்த்தைகளைக் குழந்தையிடம் சொல்கிறார். இனி உன் முகத்திலேயே விழிக்க வேண்டாம் என்கிற பாவனையில். தியேட்டரில் அதுவரை சிரித்தவன் யாரும் அங்கே சிரித்திருக்க மாட்டான். கிழவர் பக்கம் நியாயம், குழந்தை பக்கமும் நியாயம். இந்த ஒரு கட்டத்தில் ஹ்யூஸ், கெட்சமை விட்டுவிட்டுப் புஷ்ஷிடம் போய்விட்டார்.

நிலைக்கவில்லை. பையன் வீட்டை விட்டு ஓடி, திருடனிடம் அகப்பட்டு, அவனைத் தன்னை அறியாமலே துவைத்து எடுத்து, வில்ஸனின் தங்கக் காசுகளை மீட்டுக்கொண்டு வருகிறான். கிழவர் கட்டிக்கொள்கிறார். காசு திரும்பி வந்தது, சரி. அந்தத் தொட்டி என்ன ஆயிற்று? வில்ஸன் மறுபடி ஒரு விதை போட்டாரா, அவர் வயதில் போடத்தான் துணிவாரா, மார்த்தா அந்த வாடின தண்டை வெட்டி எறிந்தாளா? தோட்டத்தை இன்னொரு முறை காட்ட ஒரு நிமிஷப் படச்சுருள் போதும். அந்த நிமிஷம் வரும் என்று, பெயர்கள் எல்லாம் ஓடி விளக்கு எரிகிறவரை உட்கார்ந்திருந்தேன்.