செய்தித் தொடரில் வினைமுதல்

ஒரு தொழில் நிகழ்தற்கு இன்றியமையாதன எவை என்பதனைத் தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் எட்டாக வகுத்துரைத்தார். வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி என்னும் ஆறனோடு, இன்னதற்கு, இது பயன் என்னும் இரண்டனையும் அவர் கூட்டினார். நன்னூலார் வினைமுற்றுக்கு இலக்கணம் கூறுமிடத்து இறுதி இரண்டனையும் விடுத்து ஆறே கொண்டார். செய்யுள் கற்பார்க்கு இவ்விடுகையால் நேரும் இழப்புப் பெரிதன்று. நாள்தோறும் செய்தித்தாள் கற்பார்க்கோ, விடப்பட்ட அவ்விரண்டுமே தலையாயவை. மக்கள் கருத்தைச் செய்தி எவ்வாறு உருவாக்குகிறது என்னும் வினாவிற்கு விடை, செய்தி கூறும் பொருளில் மட்டுமன்றி, அதன் தொடரமைப்பில் குறைந்துநிற்கும் உறுப்பிலும் உள்ளது என்பதே இக்கட்டுரையின் கருத்து. 2011ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர்த் திங்கள்களில் பெரியாறு அணை பற்றி எழுந்த செய்திகளைக் கொண்டு இதனைக் காண்போம்.

வழக்கின் வரலாறு பலரும் அறிந்ததாதலின் சுருங்கக் கூறல் அமையும். 1886இல் திருவிதாங்கூர் மன்னரோடு செய்துகொண்ட 999 ஆண்டுக் குத்தகையின்வழி, பென்னிகுயிக்கு என்னும் பொறியாளர் முயற்சியால் 1895இல் அணை நிறைவுற்றது. 1979 ஆகஸ்டில் குசராத்தின் மச்சு ஆற்றணை உடைந்து மோர்பி நகரை அழித்தது. அவ்வாண்டே பெரியாற்றணையின் வலிமை பற்றிய ஐயம் கேரள நாளிதழ்களில் எழ, 152 அடியாக இருந்த நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. அணையை வலுப்படுத்தும் பணிகள் நடந்தபின், 142 அடிவரை நீர் தேக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2006 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. கேரளச் சட்டமன்றம் உடனே ஒரு திருத்தச் சட்டத்தால் 136 அடியையே வரம்பாக்கிற்று. 2011 ஜூலையிலும் நவம்பரிலும் இடுக்கி மாவட்டத்தில் சிறு நில அதிர்வுகள் உணரப்பட்டன. அந்நவம்பரிலேயே 'டேம் 999' என்னும் திரைப்படம் வெளிவந்தது. தமிழ்நாட்டில் அது தடை செய்யப்பட்டது. அதன்பின் சில கிழமைகளில் இரு மாநிலத்து மக்களும் ஒருவரையொருவர் அஞ்சத் தொடங்கினர்.

அக்காலத்துச் செய்தி நடையில் மிகுதியும் பயின்ற தொடர்கள் மூவகைப்படும். 'எல்லையில் பதற்றம் நிலவுகிறது' என்பது ஒரு வகை. 'தமிழர்கள் தாக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது' என்பது மற்றொரு வகை. 'மக்களிடையே அச்சம் பரவியது' என்பது பிறிதொரு வகை. முதல் வகையில் ஒரு மனநிலையே எழுவாயாய் நிற்கின்றது, மாந்தர் இலர். இரண்டாவதில் தாக்கியவனும் கூறியவனும் ஒருங்கே மறைந்தனர். ஒரு தொடருக்குள் இரண்டு செயப்பாட்டு வினைகள் அடுக்கி வந்து இரண்டு வினைமுதல்களை விழுங்கின. மூன்றாவதே நுண்ணியது. பரவுதல் தன்வினை, பரப்புதல் பிறவினை. அச்சம் தானே பரவிற்று என்று எழுதும் கை, அதனைப் பரப்பினார் யாவர் என்னும் வினா எழாதபடி தன்வினையைத் தேர்ந்துகொள்கிறது. பரப்பியவருள் தாமும் ஒருவராகலாம் என்பது எழுதுவோர்க்குத் தோன்றிற்றோ இல்லையோ, இலக்கணம் அவரைக் காத்தது.

ஈண்டு ஒரு தடை எழலாம். எட்டும் எல்லாத் தொடரினும் வருதல் வேண்டுமோ எனின், வேண்டா; வழக்கில் குறைவன குறையும் என்பதனை அடுத்த நூற்பாவிலேயே தொல்காப்பியர் உடன்படுவார். 'குடம் வனைந்தான்' என்புழிச் சக்கரமும் நிலமும் கூறாமையால் கேட்போன் மயங்கான். குறைதல் குற்றமன்று, குறைந்த உறுப்பைக் கேட்போன் தன் அச்சத்தால் நிரப்பிக்கொள்ளுமாறு விடுதலே குற்றம்.

நிலம் என்னும் உறுப்பு அன்று பட்ட பாட்டைப் போடிமெட்டைக் கொண்டு விளக்கலாம். போடிநாயக்கனூரிலிருந்து பதினேழு கொண்டையூசி வளைவுகள் ஏறி, ஏறத்தாழ 4,500 அடி உயரத்தில் இரு மாநிலச் சோதனைச் சாவடிகளை அடைவோம். அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என ஏலத்தோட்டங்கள் விரிகின்றன. போடி, தேவாரம் முதலிய ஊர்களிலிருந்து நாள்தோறும் ஜீப்புகளில் ஏறிச்சென்று களையெடுத்தும் காய்பறித்தும் மாலையில் இறங்குவோர் பலர். தலைமுறைகளாக மேலேயே குடியிருப்போரும் பலர். தோட்ட உடைமையாளருள் மலையாளியரும் உளர், தமிழரும் உளர். கேரளத்து மண்ணில் விளையும் காய் போடியின் ஏலச் சந்தையில் விலைபோகின்றது. இவ்வாழ்க்கையைத் 'தமிழர்', 'மலையாளிகள்' என்னும் இரு பெயர்களால் பகுத்தல் அரிது. பெரியாற்று அணையோ இம்மேட்டிற்குத் தெற்கே நெடுந்தொலைவில் உள்ளது. அணை உடையினும் அந்நீர் வண்டிப்பெரியாறு வழியே இடுக்கி நீர்த்தேக்கம் நோக்கிப் பாயுமேயன்றி இம்மலைமுகட்டை எட்டாது. ஆயினும் டிசம்பரில், மேலேயிருந்த கூலித் தொழிலாளர் குடும்பங்கள் உயிரச்சத்தால் மூட்டை முடிச்சுகளோடு போடிக்கும் தேவாரத்திற்கும் இறங்கின. சாலையை அஞ்சிக் காட்டுப் பாதையில் நடந்தோரும் உண்டு.

'எல்லை' என்னும் ஒரு சொல் குமுளியையும் கம்பம்மெட்டையும் போடிமெட்டையும் ஒன்றாக்கிவிட்டது. குமுளியில் நிகழ்ந்ததனைக் கேட்டவன் அது தன் மேட்டிலும் நிகழ்ந்ததாகவே கொண்டான். கேட்டபின் அவன் அஞ்சி ஓட, அவ்வோட்டமே மறுநாட் செய்தியாயிற்று. செய்தி அச்சத்தை விளைத்து, விளைந்த அச்சத்தைச் சான்றாக்கிக்கொண்ட இவ்வட்டத்தினின்று வெளியேற, அன்றாடங்காய்ச்சிகளுக்கு வழி யாது?

எண்களும் அவ்வாறே உருவகங்களாயின. கேரளத்துத் தலைவர்கள் ஐந்து மாவட்டத்து முப்பத்தைந்து இலட்சம் உயிர்கள் என்றனர். தமிழ்நாட்டுத் தலைவர்கள் ஐந்து மாவட்டத்து வயல்கள் பாலையாகும் என்றனர். இருபாலும் ஐந்தாக அமைந்தமை தற்செயலே. ஆயினும் ஓர் ஐந்தைக் கேட்டவர் மற்றோர் ஐந்தைக் கேட்டிலர் என்பது தற்செயலன்று. 142, 136, 120 என்னும் அடிக்கணக்குகள் பொறியியல் அளவைகளாயிருந்த நிலைமாறிக் கட்சிக் கொடிகள் போல் ஏந்தப்பட்டன. மலையாளச் செய்தியுலகில் அணை 'நீர்வெடிகுண்டு' ஆயிற்று. குண்டு என்ற அளவில், அதனை வைத்தவன் ஒருவன் உளன் என்பது கூறாமலே பெறப்படும். அக்கரவு தமிழன்மேற் சென்று தங்கியது.

இத்தனை ஊடகங்களும் ஒன்றையே கூறினவாதலின் அது மெய்யாகாதோ எனலாம். இவ்விடத்து வள்ளுவர் ஒற்றாடலில் வகுத்த நெறி நினையத்தக்கது. மூவர் சொல் ஒத்தவழித் தெளிக என்பார், அம்மூவரும் ஒருவரையொருவர் அறியாதவாறு ஆளப்படுதல் வேண்டும் என்பதனை முன்வைத்தே கூறினார். 2011இல் ஒரு தொலைக்காட்சி மற்றொன்றை நோக்கியிருந்தது. நாளிதழ் இரண்டனையும் நோக்கியிருந்தது. மூவர் சொல்லும் ஒத்தது உண்மைதான். ஆனால் ஒருவன் சொல்லே மூவர் வாயில் வந்தமையால் ஒத்தது. இன்று கைப்பேசியில் ஒரே செய்தி நூறு பேரிடமிருந்து வருங்கால், வள்ளுவர் இட்ட அந்த நிபந்தனையின் அருமை மேலும் விளங்கும்.

மாறுபட்ட சொல் ஒன்றும் எழாமலில்லை. டிசம்பர்த் தொடக்கத்தில் கேரள அரசின் தலைமை வழக்கறிஞர் தண்டபாணி, பெரியாற்றணைக்குத் தீங்கு நேரினும் அந்நீரை இடுக்கி அணை தாங்கும் என்ற கருத்தை உயர் நீதிமன்றத்தில் உரைத்தார். அச்சத்தில் இருந்தார்க்கு அது மகிழ்ச்சி தந்திருத்தல் வேண்டும். தந்ததோ சினம், அவரைப் பதவி நீக்குக என்னும் குரலே ஓங்கிற்று. ஆறுதல் கூறியவன் பகைவனாகும் நிலை, அச்சம் யார்க்கோ பயன்பட்டு வந்தமையைக் காட்டும். இங்கேதான் 'இன்னதற்கு', 'இது பயன்' என்னும் உறுப்புகள் வேண்டப்படுகின்றன. 2011இல் 140 இடங்களுள் 72 மட்டும் வென்று ஆட்சியமைத்த கூட்டணிக்குப் பிறவம் இடைத்தேர்தல் முன்னின்றது; தமிழ்நாட்டில் சங்கரன்கோவில் இடைத்தேர்தல் முன்னின்றது. இரண்டும் 2012 மார்ச்சில் நிகழ்ந்தன. இத்தேர்தல்களுக்காகவே அனைத்தும் செய்யப்பட்டன என்று யாம் துணியவில்லை. அவ்வினாவைச் செய்தித் தொடர்கள் எழுப்ப இடந்தரவில்லை என்பதே எம் குறை. டிசம்பர் 9இல் கேரளச் சட்டமன்றமும் 15இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் ஒருமனத் தீர்மானங்கள் இயற்றின. இருபாலும் எதிர்ப்புரை இல்லாமையை நம் இதழ்கள் போற்றின. யாமோ அதனையே ஐயுறுகின்றோம்.

மலையாள இதழ்களைக் குறைகூறுதல் நமக்கு எளிது. தமிழ் இதழ்களின்மேல் இன்னொரு குறை உண்டு. இறங்கி வந்த தோட்டத் தொழிலாளர் அவற்றில் 'தமிழர்' என்னும் பெயர் பெற்றனர். 'தொழிலாளர்' என்னும் பெயரை இழந்தனர். அவர்தம் கூலி, நிலுவை, விட்டுவந்த வீடு, பிள்ளைகளின் பள்ளி ஆகியன பற்றிய தொடர்கள் சில. அவர்பொருட்டுப் பிறர் கொண்ட சினம் பற்றிய தொடர்கள் பல. அவர் செயப்படுபொருளாகவே நின்றனர்; எழுவாயாகிப் பேசிய இடம் அரிது.

ஆனந்து தலைமையிலான குழு அணை நீரியல், கட்டமைப்பு, நில அதிர்வு ஆகிய மூன்று நிலையிலும் பாதுகாப்பானது என 2012 ஏப்ரலில் அறிக்கை தந்தது. 2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் 142 அடியை உறுதிசெய்து, 2006ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இவ்வணைக்குச் செல்லாது என்றது. அவ்வாண்டு நவம்பரில் நீர் அவ்வளவை எட்டியது. சான்றுகளை எடைபோட்ட இவ்வறிக்கையும் தீர்ப்பும் அச்சத்தை முற்றும் நீக்கவில்லை. மழை மிகும் ஆண்டுகளில் அது மீண்டும் தலைதூக்கக் காண்கிறோம்.

நம் துறைகளில் செய்யுளின் எச்சமும் தொகையும் ஆராயப்பெற்ற அளவிற்குச் செய்தித் தலைப்பு ஆராயப்பெறவில்லை. 2011 நவம்பர், டிசம்பர்த் தமிழ், மலையாள நாளிதழ்களை ஒருங்கு வைத்து, தொடர்தோறும் எட்டு உறுப்புகளுள் எவை குறைந்தன எனக் கணக்கிடுதல் இருமொழி அறிந்த ஆய்வு மாணவர் ஒருவர்க்கு ஈராண்டுப் பணியாகும். அதனைப் போடியிலும் சாந்தன்பாறையிலும் தொடங்கி, அந்நாளில் மலையினின்று இறங்கியோர் இன்னும் வாழும்போதே அவர் கேட்ட செய்தி யாது, யார்வாய்க் கேட்டனர் என்பதனையும் உடன் பதிவுசெய்தல் வேண்டும்.